கோடு போட வந்த ஏகாம்பரம்

சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். விதிகளைப் பற்றிப் பேசமாட்டேன். அதற்குப் புத்தகம் இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியது, ஆகவே அதில் எங்கெங்கே ஓட்டை என்றும் எனக்குத் தெரியும். நீங்களே கண்டுபிடியுங்கள், பொழுது போகும். நான் முதன்முதலில் செயலாளராக இருந்த சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது நாட்டின் பெயரில் ஒரு அணியைக் களத்தில் இறக்கிய அந்த ஒரு நாளைப் பற்றியும்.

யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. துணிக்கும் அரிசிக்கும் இன்னும் ரேஷன். நான் திருத்தணி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. ஊரில் ஒரு நெல் மில், அதன் மாடியில் ஒரு அறை, அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. அதுதான் அகில இந்திய சடுகுடு சங்கம். தலைவர் மில்லுக்குச் சொந்தக்காரர், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம் உள்ளவர். பொருளாளர் அவருடைய அக்காவின் கணவர், நகரியிலிருந்து வந்து குடியேறிய தெலுங்குக்காரர். தலைவர் அவரை பாவா என்று கூப்பிடுவார், அதனால் ஊர் முழுவதுக்கும் அவர் பாவாதான். செயலாளர் நான். உடைந்த ஊறுகாய் ஜாடிக்கு நஷ்ட ஈடு தர முடியாது என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதுவேன், அந்தத் தகுதிக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

“மூணு பேர வச்சிகினு அகில இந்தியான்னு எப்படிங்க போடறது?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“நான் தமிழு. பாவா தெலுங்கு. ரெண்டு பாஷை வந்துட்டுதே, அப்பறம் இன்னா?” என்றார் தலைவர்.

எனக்கு இருபத்து நான்கு வயது. அகில இந்தியச் செயலாளர் என்ற பட்டம் பெயருக்குப் பின்னால் நன்றாகத்தான் இருந்தது. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் சங்கத்தின் ஒரே வேலை கடிதம் எழுதுவது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேரா ஒன்பது பேரா என்றே நாட்டில் முடிவாகாத காலம். நாங்கள் ஏழு என்று தீர்மானம் போட்டு, எல்லா மாகாணங்களுக்கும் எழுதி, இனிமேல் இப்படித்தான் ஆட வேண்டும் என்று உத்தரவிட்டோம். பம்பாய்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும், நீங்கள் யார் என்று கேட்டு ஒரு கார்டு போட்டார். மற்ற யாருக்கும் அந்த அளவுக்குக்கூட ஆர்வம் இல்லை.

பிறகு இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களிடம் ஒரு அணி இருக்கிறது, முருகனுக்கு வேண்டுதல் செலுத்தத் திருத்தணிக்கு வருகிறார்கள், வரும்போது அகில இந்திய அணியுடன் ஒரு ஆட்டம் ஆட விருப்பம் என்று எழுதியிருந்தார்கள். தலைவர் அந்தக் கடிதத்தை மில்லில் நெல் அளக்க வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். நான் படித்தேன். அன்றைக்கே பதிலும் எழுதினேன். எங்கள் அணி இதுவரை தோற்றதே இல்லை என்று எழுதினேன். உண்மைதான். எங்களிடம் அணியே கிடையாது.

நண்பர்களே, தபாலில் போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. நான் பார்சல் ஆபீசில் இருந்தவன், எனக்கே முடியவில்லை.

இரண்டு வாரம் இருந்தது. தலைவரின் மில் களத்தில், நெல் காயப்போடும் இடத்தில், காலை வேளையில் பயிற்சி ஆரம்பித்தது. ஆட வந்தவர்கள் எல்லோரும் தலைவருக்குச் சொந்தம். அவர் தம்பி மகன் ஜெகதீசன்தான் கேப்டன். இந்தியா முழுவதையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிடலாம் போல இருந்தது.

கோடு போட ஒரு ஆளை அனுப்பியிருந்தார்கள். அவர்தான் ஏகாம்பரம். தலைவரின் கரும்புக் கொல்லையில் கூலி வேலை, திருவாலங்காட்டுக்கு வெளியே சேரியில் வீடு. கையில் சுண்ணாம்பு வாளி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜெகதீசனுக்கு விளையாட்டுத் தோன்றியது.

“டேய் ஏகாம்பரம், வாளிய வச்சிட்டு ஒரு தபா பாடிகினு வா, பாக்கலாம்.”

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சடுகுடு பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினார். எதிரே ஏழு பேர். ஐந்து பேரைத் தொடுகிற தூரத்தில் மடக்கிவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வந்தார். எனக்கு மெய் சிலிர்த்தது. பிறகுதான் கவனித்தேன், அந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. விரட்டினால் கோழி ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள்.

“ஏன் யாரும் பிடிக்கல?” என்று ஜெகதீசனைக் கேட்டேன்.

“அவனப் புடிச்சா வூட்டுக்குப் போயி தல முழுவணும். காலங்காத்தால யாரு முழுவறது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் வாளியை எடுத்துக்கொண்டு, அழிந்திருந்த கோட்டை மறுபடி போட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போனேன். நன்றாகப் பாடினாய் என்று சொன்னேன். அப்போது நான் அவரை நீ என்றுதான் கூப்பிட்டேன், இங்கே அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

“இவங்க புடிக்க மாட்டாங்க. நீங்க வேணா புடிச்சிப் பாருங்களேன்” என்றார்.

சாதி ஒழிய வேண்டும் என்று வாசகசாலையில் இரண்டு முறை பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். ஒரு கணம் நின்றேன். பிறகு என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். “சட்டை அழுக்காயிடும்” என்றேன்.

“ஆங், அழுக்காயிடும்” என்று அவரும் ஒப்புக்கொண்டு கோட்டைத் தொடர்ந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறித் திருவாலங்காட்டுக்குப் போனேன். பிடிக்கிறவர்கள் நடுவே அவர் எப்படி ஆடுவார் என்று பார்க்க வேண்டியிருந்தது. சேரிக்குப் பின்னால் மணல் திடலில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாருக்கும் தலை முழுகும் கவலை இல்லை, நன்றாகவே பிடித்தார்கள். காலில் ஒருவன், இடுப்பில் இரண்டு பேர். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஏகாம்பரம் கோட்டைத் தொட்டார். அந்த வட்டாரத்தில் அவரைப் போல ஆள் இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன செய்தேன் என்றால், வீட்டுக்கு வந்து பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைவர் சொன்ன பெயர்களையே எழுதி எடுத்துப் போனேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று தலைவர் பாராட்டினார்.

உடுப்புக்கு அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளரிடம் கெஞ்சி, சிவப்புக் கட்டம் போட்ட துணி வாங்கி வந்தோம். தையல்காரர் ஏழு பனியன் தைத்தார். மாட்டிக்கொண்டு நின்றபோது இந்திய அணி கைலிக் கடை விளம்பரம் போல இருந்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இலங்கைக்காரர்கள் கப்பலிலும் ரயிலிலுமாக வந்து இறங்கினார்கள். அணித் தலைவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். மலை ஏறிச் சாமி கும்பிட்டார்கள். மறுநாள் பிற்பகல், மலையடிவாரத்துச் சந்தைத் திடலில் ஆட்டம். நடுவர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் விசில் இருந்தது, கடிகாரமும் இருந்தது, ஊரில் அந்த இரண்டும் ஒருங்கே உள்ளவர் அவர் மட்டும்தான். திடலைச் சுற்றிக் கூட்டம். ஏகாம்பரம் காலையிலேயே கோடு போட்டு முடித்துவிட்டு வாளியோடு ஒரு மூலையில் நின்றார்.

முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. இலங்கைக்காரர்கள் வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். நம்மவர்கள் போனார்கள், திரும்பி வரவில்லை. பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஜெகதீசன் பாடிப் போய், முழங்கால் பிசகி விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தோம். மாற்று ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார், தலைவரின் மச்சினன். விருந்தாளிகளுக்காகச் செய்த பொங்கலில் பெரும்பகுதியை அவரே சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷம். ஏழு பேர் நிக்கலைன்னா ஆட்டம் முடிஞ்சுது.”

இலங்கை அணித் தலைவர் என்னிடம் வந்தார். “தம்பி, நாளைக்கு எங்களுக்கு ரயில். இவ்வளவு தூரம் ஆட வேணும் எண்டுதானே வந்தனாங்கள். அந்தா, வாளியோட நிக்கிற ஆள் நல்ல உடம்பாயிருக்கிறார். அவரை விடுங்கோவன்.”

தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “அவன் நம்ம கொல்லையில வேல செய்றவன். அவன எறக்குனா நம்ம பசங்க எல்லாம் வெளிய வந்துடுவாங்க. ஆட்டம் முடிஞ்சா முடியட்டும், வுடு.”

என் கையில் பட்டியல். சட்டைப் பையில் பேனாவும் சங்கத்தின் ரப்பர் முத்திரையும். இந்த மாதிரி சமயத்தில் மனம் கண்டதையெல்லாம் யோசிக்கும். வேலை போய்விடுமா, ரயில்வேயில் தலைவர் யாரையாவது பார்ப்பாரா, இலங்கையில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள், எல்லாம் ஓடியது. கடைசியில்தான் தோன்றியது, இதில் எனக்குப் போவதைவிட ஏகாம்பரத்துக்குப் போவது அதிகம். அவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதி நான் வீரனாகிவிடக் கூடாது.

ஓடிப்போய்க் கேட்டேன். “உன் பேரை எழுதட்டுமா? எழுதினா நாளைக்குக் கொல்லையில உனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. வேணாம்னா சொல்லிடு.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “இத ரெண்டு வாரம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா வூட்ல பேசி முடிவு பண்ணியிருப்பேன். இப்ப நாலு நிமிஷந்தான் கீது.” பெண்கள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் மனைவி அங்கே இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. “எழுதுங்க” என்றார்.

எழுதினேன். முத்திரையும் குத்தினேன். தலைவர் சொன்னபடியே நடந்தது. மீதி ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே நடந்தார்கள். ஜெகதீசன் படுத்த இடத்திலிருந்தே இலங்கை அணித் தலைவரைக் கூப்பிட்டு, அந்த ஆள் யார் என்று காதில் சொன்னார். வாத்தியார் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஊரில் மட்டும் இது இல்லையா என்ன. பிறகு, “தொடாமல் சடுகுடு எப்பிடி ஆடுறது?” என்று கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

இப்போது அகில இந்திய அணி என்பது ஏகாம்பரம் ஒருவர்.

“அங்க பின்னாடி எங்க ஆளுங்க நாலு பேரு நின்னுகினு கீறாங்க. எழுதறீங்களா?” என்று அவர் கேட்டார். எழுதினேன். ஐந்து. ஆறாவதாக என் பெயரையே எழுதிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். ஏழாவதுக்கு ஆள் தேடி நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைவருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பாவா எழுந்தார். ஐம்பது வயது, அதற்கேற்ற தொப்பை. ஜிப்பாவைத் தலைக்கு மேலே உருவினார்.

“பாவா, இன்னா இது?” என்றார் தலைவர்.

“லெட்டர்ல அகில இந்தியான்னு போட்டுக்கிறியே பா. தெலுங்குக்கு நான் ஒருத்தன்தான் கீறேன். நானும் குந்திகினா அகிலத்துக்கு எங்க போவ?”

ஏழு பேர் ஆயிற்று. பழைய அணி பனியனைக் கழற்றித் தர மறுத்துவிட்டதால் இந்தியா வெற்று மார்போடு இறங்கியது.

என் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது விசாரித்தால் சங்கடம். நான் பாடிப் போனது ஒரே முறை. சடுகுடு என்று மூன்று முறை சொன்னதும் மூச்சு போய்விட்டது. இலங்கைக்காரர் இருவர் என்னைத் தூக்கி, மரியாதையாகக் கோட்டுக்கு வெளியே வைத்தார்கள். பாவா யாரையும் பிடிக்கவில்லை. பாடி வந்த ஒருவர் கால் இடறியபோது அவர்மேல் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அந்தப் புள்ளி செல்லுமா என்று ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கேட்டார். உட்காரக் கூடாது என்று விதியில் இல்லை என்றேன். விதியை நான்தான் எழுதியிருந்தேன்.

மற்றதெல்லாம் ஏகாம்பரமும் அவருடைய ஆட்களும் ஆடியது. அவர்கள் ஒரே திடலில் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்கள், ஒருவர் திரும்புமுன் மற்றவருக்குத் தெரிந்துவிடும். பதினொன்று ஏழாயிற்று, நான்காயிற்று. வெளியே போன ஆறு பேரும் திரும்பி வந்து கோட்டோரம் குந்தியிருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், கடைசிப் பாட்டு. ஏகாம்பரம் போனார்.

இரண்டு பேரைத் தொட்டுவிட்டார். திரும்பும்போது ஒருவர் கணுக்காலைப் பிடித்தார். அடுத்தவர் இடுப்பை. பிறகு ஏழு பேரும் அவர்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து பாட்டு மட்டும் கேட்டது. ஒரு கை மட்டும் வெளியே வந்து, மணலைப் பறித்துக்கொண்டு கோட்டை நோக்கி நகர்ந்தது.

“கைய நீட்டு ஏகாம்பரம், கைய நீட்டு” என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். பிசகிய காலில் நொண்டிக்கொண்டு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது ஜெகதீசன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு சாண் இருந்தது. பாட்டு நின்றது. விசில்.

எலும்பு ஏதாவது முறிந்திருக்கும் என்று ஓடினேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் ஏகாம்பரம் மல்லாந்து கிடந்தார், வாயெல்லாம் மணல், சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏழு பேரும் புடிச்சாங்க, பாத்தீங்களா?” என்றார்.

நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தார். என் கையெல்லாம் மணலும் வேர்வையும். என்னிடம் சட்டை இல்லாததால் அழுக்காவதற்கும் எதுவும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், மீதியும் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் கரும்புக் கொல்லையில் ஏகாம்பரத்துக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நான்கு பேருக்கும் அதே பதில். முத்திரையைத் திருப்பித் தரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது, கொடுத்து அனுப்பினேன். எனக்கு நேர்ந்த கஷ்டம் அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டரை விடாமல் நச்சரித்து, பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கும் வேலைக்கு ஏகாம்பரத்தைச் சேர்க்க மூன்று வாரம் ஆயிற்று. மற்ற நான்கு பேரில் இருவர் பிழைப்புக்குச் சென்னைக்குப் போனார்கள். அந்த மூன்று வாரம் அவர் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் முதலிலேயே பட்டியலைச் சரியாக எழுதியிருந்தால் சண்டை மில் மாடியில் நடந்திருக்கும், அடி முதலில் என்மேல் விழுந்திருக்கும். தள்ளிப்போட்டேன், அதனால் அவர்மேல் விழுந்தது. பெயர் எழுதுகிற வேலையில் உட்காருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். தைரியம் வருவதற்குத் தாமதமானால் அதற்கான செலவு வேறு யாருடைய வீட்டிலோ ஆகிறது.

ஒரு மாதம் கழித்துச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் நான்கு வரிச் செய்தி வந்தது. இலங்கையிடம் அகில இந்திய அணி இரண்டே புள்ளியில் தோற்றது, தலைவர் அணியைச் சிறப்பாக வழிநடத்தினார் என்று. யார் எழுதி அனுப்பினார்களோ, நான் இல்லை. அதைப் பார்த்து நெல்லூரிலிருந்து ஒரு ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

அதுவரை பார்சல் ஆபீசுக்குள் காலடி வைக்காத தலைவர் அன்று நேரில் வந்தார். ஏகாம்பரம் நாலடி தூரத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்து, “நெல்லூருக்கு அவன வரச்சொல்லு” என்றார்.

“பக்கத்துலதான் இருக்காரு. நீங்களே கேளுங்க” என்றேன்.

தலைவர் தராசு முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஏகாம்பரம், நெல்லூருக்கு வர்றியா?”

“கேப்டன் யாருங்க?”

“ஜெகதீசன்தான்.”

“அப்ப அவரையே கூட்டிகினு போங்க” என்று அடுத்த மூட்டையைப் பிடித்தார் ஏகாம்பரம்.

“பின்ன யாரப் போடச் சொல்ற?”

“என்னத்தாங்க.”

தலைவருக்கு முகம் சிவந்தது. “கேப்டன்னா நாலு பெரிய மனுசங்க வருவாங்க, இங்கிலீஷ்ல பேசணும். உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுங்களா?” என்று ஏகாம்பரம் பணிவாகவே கேட்டார்.

பேரேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரித்தால் காரியம் கெட்டுவிடும். தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று, திரும்பாமலே கேட்டார். என்னை அல்ல.

“நெல்லூர் வண்டி எத்தினி மணிக்கு?”

“காலைல ஏழரைக்குங்க” என்றார் ஏகாம்பரம். “நீங்க டிக்கெட்டுக்குச் சொல்லிடுங்க. ஆளுங்கள நான் பாத்து எடுத்துக்கறேன்.”